ஒழுகிய கட்டம்

ஆடிப்பெருக்குக்கு ஒன்பது நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, குமாரபாளையத்தில் அறிவுச்செல்வியின் மடிக்கணினியிலிருந்து ஆற்றுத்தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. காவிரித் தண்ணீர்தான் என்பதில் சந்தேகமில்லை. செம்மண் கலந்து, பாசி வாடையோடு வந்தது. அவள் துடைத்துப் பிழிந்த இரண்டாவது துணியில் விரல்நுனி அளவுக்கு ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளியது. அதைச் சொம்பில் விட்டுவிட்டு மூன்றாவது துணியைத் தேடினாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வெளியூர்க் கடைகளின் இணையப் பக்கங்களில் இறைந்து கிடக்கும் அளவு, நிறம், நூல் ரகம் எல்லாவற்றையும் ஏ.ஐ. ஏஜெண்டை விட்டு எடுத்து, கட்டம் கட்டமாக அட்டவணையில் அடுக்கித் தருவது அவள் வேலை. என்ன வேண்டுமென்று தமிழில் எழுதினால் போதும். ஏஜெண்ட் பக்கத்தைத் திறக்கும், படிக்கும், பிரித்து வைக்கும். போன புரட்டாசியில் ஆற்றோரத் தெருவுக்குள் வெள்ளம் நுழைந்த பிறகு, அவள் தெருவுக்கென்றே ஓர் ஏஜெண்டை ஏற்பாடு செய்தாள். அது தினமும் காலை ஆறு மணிக்கு மேட்டூர் அணையின் நீர் விவரம் வரும் பக்கத்தைப் படித்து, தேதி, நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று நான்கு கட்டங்களில் எழுதி, தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடும். பத்து மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. முதல் மாதம் அவள் பக்கத்தையும் அட்டவணையையும் ஒத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். தெருவின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அட்டவணையைப் பார்த்தன.

அன்றைய அட்டவணையில் திறப்பு 12,400 கனஅடி என்று இருந்தது. பயப்பட வேண்டாத தண்ணீர். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கணவன் தீர்த்தகிரி, கோரை அறுக்கிற எட்டுப் பேரை இரண்டு நடையாகப் பரிசலில் ஏற்றி நடு ஆற்றுத் திட்டில் இறக்கியிருந்தான். அந்த எட்டுப் பேரில் பக்கத்து வீட்டு முத்தாயம்மாளும் ஒருத்தி. அவளுடைய ஒன்பது ஆடுகள் மூன்று நாளாக அந்தத் திட்டில்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

மூன்றாவது துணியால் திரையைத் துடைத்தபோது அறிவுச்செல்வி ஒன்றைக் கவனித்தாள். மற்ற கட்டங்கள் எல்லாம் காய்ந்திருந்தன. நான்காவது கட்டத்தில் மட்டும், 12,400 என்ற எண்ணுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. இந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாய் என்று ஏஜெண்டைக் கேட்டாள். வழக்கம்போலப் பக்கத்தின் நான்காவது வரிசையிலிருந்துதான் என்று அது மரியாதையாகப் பதில் எழுதியது. ஒன்பது மாதம் கழித்து அவள் அந்தப் பக்கத்தைத் தன் கண்ணால் திறந்து பார்த்தாள். முந்தின நாள்தான் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை சேர்த்திருந்தார்கள். நான்காவது இடத்தில் இப்போது இருந்தது, கடந்த ஆண்டு இதே நாளில் திறந்த தண்ணீர். இன்றைய திறப்பு ஐந்தாவதாகத் தள்ளிப் போயிருந்தது: விடியற்காலை நான்கு மணி முதல் 1,10,000 கனஅடி. பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தத் தண்ணீர் ஒன்பது மணிக்குள் குமாரபாளையத்துக்கு வந்துவிடும். அப்போது மணி ஏழு இருபத்தைந்து.

அவள் கட்டத்தில் எண்ணைத் திருத்தினாள். தண்ணீர் உடனே நின்றது. திருத்திய அட்டவணையைக் குழுவுக்கு அனுப்பி, எல்லோரும் மேலே ஏறுங்கள் என்று எழுதினாள். குழுவில் யாரும் அசையவில்லை. ஒரே காலையில் இரண்டு அட்டவணை வந்தால் எதை நம்புவது என்று பேச்சுக் கிளம்பியது. தெருமுனையில் தறியும் ஆற்றில் ஒரு பரிசலும் வைத்திருக்கும் அருணகிரி, முதலாவது அட்டவணை ஏஜெண்ட் எடுத்தது, இரண்டாவது மனுஷி கையால் அடித்தது, கையால் அடித்தால்தான் தப்பு வரும் என்று நிதானமாக விளக்கி எழுதினார். பலர் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இதிலேயே பதினைந்து நிமிடம் போனது.

அவள் தீர்த்தகிரிக்குப் போன் போட்டாள்.

"ஏம்புள்ள, ஏஜெண்டு பன்னெண்டாயிரம்னுதான சொல்லுச்சு?" என்றான் அவன்.

"அது தப்புங்க. நாந்தான் பக்கத்தப் பாக்காம உட்டுட்டேன். உடனே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு வாங்க."

அவனைச் சுற்றி ஆறு முழங்கால் அளவுக்குத் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு கட்டு இருக்கிறது, கட்டிப் போட்டுவிட்டு வாரேன் என்றான். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

அறிவுச்செல்வி மடிக்கணினியை மறுபடி முன்னால் இழுத்தாள். பிறகு சரியான எண்ணை அழித்துவிட்டு, தெரிந்தே, தப்பான எண்ணைத் திரும்ப அடித்தாள். இந்தத் தடவை தண்ணீர் சொட்டவில்லை, கொட்டியது. அவள் மடிக்கணினியைத் திறந்தபடியே மார்போடு அணைத்துக்கொண்டு படித்துறைக்கு ஓடினாள். தெரு முழுக்கத் தண்ணீர் வழிந்து, வாசல்களில் செருப்புகள் மிதந்தன. ஜனங்கள் வெளியே வந்தார்கள். அருணகிரி வேட்டி நனைய அவளை மறித்து, திரையைக் குனிந்து பார்த்து, அந்த எண்ணுக்கு அடியில் விரலை வைத்தார். உடனே தன் பரிசலை அவிழ்க்கப் போனார்.

படித்துறையின் கடைசிப் படியில் நின்று அறிவுச்செல்வி மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். போர்வெல் குழாய் பருமனுக்குத் தண்ணீர் பாய்ந்து ஆற்றில் விழுந்தது. முந்நூறு அடி தள்ளித் திட்டிலிருந்து முத்தாயம்மாள்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள். "பொட்டியில தண்ணி ஊத்தறது எனக்குப் பெருசாத் தெரியல சாமி," என்று அவள் பிற்பாடு சொன்னாள். "செவப்பா ஊத்துச்சு. அது புதுத்தண்ணி." அவள் அரிவாளைப் போட்டுவிட்டு ஆடுகளைக் கூப்பிட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கட்டுகளை விட்டார்கள்.

இரண்டு பரிசல்கள் மாறி மாறி ஓடின. எட்டரைக்கு ஆறு நிறம் மாறியது. கடைசி நடையில் தீர்த்தகிரியும் முத்தாயம்மாளும் நாலு ஆடுகளும் வந்தார்கள். மீதி ஐந்து ஆடுகள் திட்டின் உச்சியில் நின்று கத்தின. முத்தாயம்மாள் இறங்கிப் போகப் பார்த்தாள். அவன் ஒரு கையால் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடுப்புப் போட்டான். பாலத்தின் மேல் பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போவதுபோல் வடக்கே சத்தம் கேட்டது. பரிசல் படியைத் தொட்டபோது திட்டு இல்லை. தீர்த்தகிரியின் கால் கல்லில் பட்டதைப் பார்த்த பிறகுதான் அறிவுச்செல்வி கையை இறக்கி, 1,10,000 என்று அடித்தாள். ஒழுகல் நின்றது. மடிக்கணினிக்கு ஒரு பழுதும் இல்லை.

அன்று சாயங்காலம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், தப்பு தன்னுடையது என்று சொன்னாள். முத்தாயம்மாள் நாற்பது நாள் அவளோடு பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் வந்து, இன்றைக்கு எவ்வளவு திறப்பு என்று கேட்டாள். ஏஜெண்ட் இப்போதும் ஆறு மணிக்கு அட்டவணை போடுகிறது. வரிசையை எண்ணி எடுக்காமல் தலைப்பைப் படித்து எடுக்கும்படி மாற்றியிருக்கிறாள். ஆனால் தீர்த்தகிரி பரிசலை அவிழ்க்கும் முன், "நீ பாத்தயா?" என்றுதான் கேட்கிறான்.

அடுத்த வருஷத்துக்குள் இது மற்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. நாமக்கல்லில் ஒரு பண்ணைக்காரரின் அட்டவணையிலிருந்து கோழி இறகு உதிர்ந்தது. தேதி வரிசையைத் திருத்தினார், நின்றது. ஆட்டையாம்பட்டியில் பஸ் நேரம் தொகுத்த ஒருவருக்கு மூன்று நாள் டீசல் புகை வந்தது. இப்போது குமாரபாளையத்தில் நனைந்த மடிக்கணினியோடு யாராவது ரிப்பேர் கடைக்குப் போனால், கடைக்காரர் திருகாணியைத் தொடுவதில்லை.

"எந்தக் கட்டமுங்க?" என்று கேட்கிறார்.