சின்னச்சாமி அவர்கள் உபயம்

"பங்குனித் திருவிழா மூன்று நாளும் பக்தகோடிகளுக்கு நல்ல தண்ணீர் உபயம், சின்னச்சாமி அவர்கள் குடும்பத்தார்" என்று ஒலிபெருக்கி அலறியபோது, அந்தச் சின்னச்சாமி கோயில் வாசலில் பந்தல்காலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு, எந்தச் சின்னச்சாமி என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் ஊரில் வேறு சின்னச்சாமி கிடையாது. பெயர் அவருக்குத் தெரிந்ததுதான். பின்னால் தொற்றிக்கொண்டு வந்த 'அவர்கள்'தான் ஆளைக் குழப்பிவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பெயரோடு சேர்ந்து வந்ததெல்லாம் 'ஏலே', 'இங்கன வாடா' இந்த இரண்டுதான். எங்கள் ஊர் மைக்செட்டோ லேசுப்பட்டதில்லை. அது பாட ஆரம்பித்தால் சிக்கல் என்கிற ஊர் வரைக்கும் கோழி அடைகாக்காது. ஏர்வாடிக் கடலில் வலை போட்டவர்கள் மீனை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வார்கள். காற்று தோதாக இருந்தால் இலங்கையிலும் நாலு பேர், யார் இந்தச் சின்னச்சாமி என்று விசாரித்திருப்பார்கள்.

"என்ன சின்னச்சாமி, சம்மதந்தானே?" என்று மேடையிலிருந்தே கேட்டான் விழாக்கமிட்டித் தலைவன் வீரமணி. மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டான். ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சின்னச்சாமி இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். மண்ணை உதறினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். கமிட்டிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில், பல்கலைக்கழக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெருமையோடு சாய்ந்திருந்த நான், அந்தக் கோயில் எல்லைக்குள் அவர் தோளில் துண்டு கிடந்து அன்றுதான் பார்த்தேன்.

இத்தனைக்கும் காரணம் அவர் மகள் சிநேகா. எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரிந்தால்தான் அவள் கதை விளங்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டாம். வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டால் ஆள் இல்லாமலே அது தனியாக எழுந்து நிற்கும். என் மனைவி முருகலட்சுமி ஒரு செம்பருத்திக்கு அந்தத் தண்ணீரை ஊற்றினாள். செடி மறுநாளே வேலி தாண்டி ஓடிவிட்டது. முன்பு இப்படி இல்லை. வீரமணி தன் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட்டான், அவனைப் பார்த்து இன்னும் சிலர் விட்டார்கள், அதற்குப் பிறகுதான் நாக்கில் கரிக்க ஆரம்பித்தது. குட்டையால்தான் என்று ஒரு கட்சி, கடல் ஏறி வருகிறது என்று ஒரு கட்சி. எதுவென்று யாரும் அளந்து பார்த்ததில்லை. எம்.எஸ்ஸி படிக்கும் சிநேகா அளக்கிறேன் என்று கிளம்பினாள். குட்டைக்குப் பக்கத்தில் தொடங்கித் தூரம் தூரமாக ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எடுத்து, உப்பைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து ஏறுகிறது என்று வரைபடம் போடுவது. கோடை மழை விழுவதற்குள் எடுத்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் கிணற்றில் நல்ல தண்ணீர் கலந்து கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். இதற்காகப் பல்கலைக்கழகம் மாணவர் ஆய்வு நல்கை என்று அவளுக்கு ஒரு தொகை ஒதுக்கியது.

ஒதுக்கியதையும் சும்மா ஒதுக்கவில்லை. குளிரூட்டிய அரங்கம், குத்துவிளக்கு, சால்வை, கதவு அகலத்துக்குத் தெர்மாகோலில் செய்த காசோலை. என் காலத்திலிருந்தே அங்கே ஒரே ஒரு தெர்மாகோல்தான். பெயரை மட்டும் ஒட்டி ஒட்டி எடுப்பார்கள். சுரண்டிப் பார்த்தால் உள்ளே நாலு தலைமுறை மாணவர்கள் கிடப்பார்கள். படம் எடுத்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டார்கள். நிஜப் பணம் அவள் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் நெல் விதைத்து அறுத்துவிட்டோம். ஆனால் படம் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட்டது. வீரமணி பேருந்து நிறுத்தத்தில் பிளெக்ஸ் வைத்தான். அதில் வீரமணியின் முகம் சுளகு அளவு. அவன் தகப்பனார், மகன், மச்சான்மார் எல்லாரும் தட்டு அளவு. கீழ்மூலையில் தபால்தலை அளவுக்கு, தன்னைவிடப் பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு சிநேகா. நல்கை வாங்கியது யாரென்று தெரியாதவன் பார்த்தால் வீரமணிதான் எம்.எஸ்ஸி படிக்கிறான் என்று நினைப்பான்.

ஊர் அந்தப் பணத்தைப் பரிசு என்று எடுத்துக்கொண்டது. அதில் தப்புச் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் வேலை பார்த்த பிறகு தருவது கூலி. வேலை பார்க்கும் முன்னால் எவனும் எவனுக்கும் தந்ததில்லை. அப்படித் தந்தால் அது பரிசு. பரிசு விழுந்தவன் சாமிக்குச் செய்ய வேண்டும். ஆடு வளர்க்கிற மூக்கையா ஒருநாள் என்னை வழிமறித்து, "உங்க ஆபீசுல எங்க வேல்ராஜுக்கும் ஒரு பரிசு வாங்கிக் குடுங்க சார், அவனும் படிச்சுட்டுச் சும்மாதான் இருக்கான்" என்றார். "அது பரிசு இல்லப்பா, இனிமே செய்யப்போற வேலைக்கு" என்றேன். "செய்யாத வேலைக்குக் காசு குடுக்குற எடமா அது. அப்ப எம் மகன் அதுக்குப் பொருத்தமான ஆளுதான்" என்றார் அவர். சிரித்துவிட்டு வந்தேன்.

மைக்கில் பெயர் வந்த அன்று சாயங்காலம் சின்னச்சாமி வீட்டுப் பக்கம் போனேன். வாசலில் சிநேகா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த பிளாஸ்டிக் குப்பிகள், வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒட்டுவதற்கு வெள்ளைத்தாள் வெட்டி வைத்திருந்தாள். சின்னச்சாமி என்னைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். என் வயதுதான் அவருக்கும்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றாள் சிநேகா. "அது எங்காசு இல்ல. மீட்டரு வாங்கணும், லேப்புக்குக் கட்டணும், கெணறு கெணறா ஆட்டோவுல போகணும். அதுக்கு வந்த காசு."

"வேல பாக்காமலே வந்துச்சே தாயி" என்றார் சின்னச்சாமி.

"வேல பாக்கத்தாய்யா வந்துச்சு."

"பாரு. நானா வேணாங்குறேன்? தண்ணி தானே பாக்கப்போற. தண்ணிக்குத்தானே கேக்குறாங்க."

உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி மீனம்மாள் சொன்னாள்: "மைக்குல பேரச் சொன்னதுல இருந்து மனுசன் கஞ்சி குடிக்கல சார். கேட்டா, உபயக்காரவுக விரதம் இருக்கணுமாம். யாரு சொன்னானே தெரியல."

சின்னச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "எங்கய்யா இந்தக் கோயிலுக்கு மண்ணு சொமந்தாரு. நான் கல்லு சொமந்தேன். வருசா வருசம் வரி வாங்குறாக, அத ஒரு தடவ மைக்குல வாசிச்சதில்ல. உபயம் குடுக்குறேன்னு நானே ரெண்டு தடவ போய் நின்னேன். அப்பெல்லாம் வேணாம்னுட்டாக. இப்பத்தான் அவுகளா கேக்குறாக. மாட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கு அந்த வாசல்ல எப்பிடித் தாயி குழி தோண்டுவேன்?"

சிநேகா ஒரு குப்பியை எடுத்து அதன் மூடியைத் திருகித் திறந்தாள். மறுபடி மூடினாள்.

மறுநாள் வீரமணியைப் பார்க்கப் போனேன். அவன் எனக்கு மகன் முறை. இறால் குட்டைக் காவல் கொட்டகையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். பக்கத்தில் இறாலுக்குக் காற்றேற்றும் சக்கரங்கள் குட்டைத் தண்ணீரைச் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"வாங்க சித்தப்பா. என்ன வெயில்ல?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"நானா புடுங்குனேன்? அவருதானே தலையாட்டுனாரு. ஊரே பாத்துச்சு."

"வேற யாருகிட்டயாச்சும் மாத்திவிடு. அந்தப் புள்ள மழைக்கு முன்ன வேலைய முடிக்கணும்."

"மைக்குல சொன்னத எப்பிடிச் சித்தப்பா திரும்ப வாங்குறது? சாமி காரியம்." கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்துவிட்டுச் சொன்னான்: "இதுவரைக்கும் அவுக உபயத்த நம்ம வாங்குனதில்ல. இப்ப நாங்க இளவட்டமெல்லாம் சேந்து, அது தப்புன்னு மாத்தி, மரியாத குடுக்குறோம். படிச்சவரு, நீங்களே வந்து அந்த மரியாத வேணாம்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

நாற்பது வருஷம் கோப்பு எழுதிய பழக்கத்தில் அதையும் அப்படியே மூடி வைத்தேன். அவன் மோர் கொண்டுவரச் சொன்னான். நல்ல தண்ணீரில் கலக்கிய மோர். குடித்துவிட்டு வந்தேன்.

சிநேகா தன் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மனிதர் பதறவே இல்லை. "இதுக்காம்மா கவலப்படுற? போன பேட்ச் ஒருத்தி தொண்டிப் பக்கம் எடுத்த ரீடிங் இருக்கு. அதக் கொஞ்சம் ஏத்தி எறக்கிப் போட்டு ரிப்போர்ட் குடுத்துரு. பில்லு மட்டும் கரெக்டா இருக்கணும்."

"பில்லு தண்ணி லாரிக்காரன்கிட்ட இருந்துதான் சார் கிடைக்கும்."

பேராசிரியர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "தண்ணீர் மாதிரிச் சேகரிப்பு, வாட்டர் சாம்பிள்னு எழுதி வாங்கிக்க."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்த பில் கண்டிப்பாகப் பாஸாகும். எங்கள் தணிக்கைக்காரர்கள் யானைக்குத் தீவனம் வாங்கிய பில்லில் ரப்பர் முத்திரை சாய்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்களே தவிர, யானை எதற்கு என்று கேட்க மாட்டார்கள். சிரித்து முடித்துத் திரும்பினால் சிநேகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிரிங்க சார்" என்றாள். "நானும் சிரிக்கலாம்னுதான் பாக்குறேன்."

அன்று மத்தியானம் அவளே பேருந்தேறிக் கடலாடிக்குப் போய்ப் பணத்தை எடுத்து வந்து அப்பா கையில் கொடுத்தாள்.

திருவிழாவில் மூன்று நாளும் லாரி வந்தது. அந்தத் தண்ணீருக்குக் கூடிய கூட்டம் சாமிக்குக் கூடவில்லை. ஏற்கெனவே தாகம் தீர்ந்தவர்கள்கூட நின்று குடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் மாட்டை ஓட்டி வந்து காட்டினார்கள். ஒரு கிழவர் இரண்டு செம்பு குடித்துவிட்டு, அம்மனே இறங்கி வந்து சர்க்கரை போட்டிருக்கிறாள் என்று அழுதார். மைக் கால்மணிக்கொரு தரம் 'சின்னச்சாமி அவர்கள் உபயம்' என்றது. உபயக்காரருக்கு மாலை போட்டு மேடையில் உட்கார வைப்பது வழக்கம். வீரமணியின் மச்சான் மாலையைப் போட்டுவிட்டு, "லாரி கொழாயப் புடிக்க ஆள் இல்ல, செத்த பாத்துக்கங்க" என்றான். சின்னச்சாமி மாலையோடு போய்க் குழாயைப் பிடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் வரை அவர்தான் பிடித்தார். குடங்கள் வந்துகொண்டே இருந்தன. கழுத்து மாலையில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த செவ்வந்திகள் தண்ணீரில் விழுந்து ஓடின.

மூன்றாம் நாள் தெற்கே கடல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. சிநேகா ஒரே ஒரு குப்பியோடு லாரிக்கு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் அப்பாவிடம் நீட்டினாள். அவர் நிரப்பிக் கொடுத்தார். லாரி மறைவில் நின்று அதில் தாளை ஒட்டி எழுதினாள். இடம், கோயில் வாசல். ஆதாரம், சின்னச்சாமி அவர்கள். கையெழுத்து ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

குழாய் கொஞ்ச நேரத்தில் சொட்டி நின்றது. காலிக் குடத்தோடு நின்றவர்கள் அவரை இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் அவருக்குத் தாகம் தெரிந்திருக்க வேண்டும். குழாயை விரலால் சுண்டிப் பார்த்தார். சிநேகா குப்பியின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்கய்யா."

அவர் வாங்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைந்து அசைந்து, கடைசி வார்த்தையில் நின்றது.

"அவர்கள்னு போட்டிருக்கயே" என்றார்.

"ஆமா."

குப்பியைப் பதனமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அடிபம்புக்குப் போய், இரண்டு அடி அடித்து, அந்தக் கரிப்புத் தண்ணீரைக் குனிந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். துண்டு தோளிலேயே கிடந்தது.

முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று இறங்கியது. பந்தலுக்குள் இருந்தவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்து நனைந்தார்கள். உபயம் கொடுத்த மனசுக்குத்தான் அம்மன் மழை கொடுத்தாள் என்று மைக் சொல்லத் தொடங்கியது. எல்லாரும் முகத்தை மேலே தூக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள், நானும் நின்றேன். சிநேகா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, மழை உள்ளே விழுந்துவிடாதபடி, குப்பியின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடிப் பிடித்திருந்தாள்.