அக்காவின் தலை அளவு

கடைக்காரருக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை. முடி விற்கிறவர். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கவனித்துவிட்டார். பதினொரு வருஷம் தானும் ஒட்டுமுடி வைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு பசை தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிட்டார்.

"எனக்கு ஆகலன்னா உங்களுக்கும் ஆகாதுன்னு இல்லம்மா."

எனக்கில்லை, அக்காவுக்கு என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். மச்சானுக்கு, நண்பனுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் அங்கே அதிகம் போலிருக்கிறது.

நிஜமாகவே அக்காவுக்குத்தான். என்னைவிட ஐந்து நிமிஷம் மூத்தவள். ஒரே முகம், ஒரே குரல். சின்ன வயதில் அம்மா ஒருத்திக்கே இரண்டு முறை மருந்து கொடுத்துவிட்டு மற்றவளை விட்டிருக்கிறாள். நாற்பத்தொரு வருஷமாக எது வந்தாலும் எங்கள் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. அம்மையும் வந்தது, கிட்டப்பார்வையும் வந்தது. முடி கொட்டுவது மட்டும் அவளுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ஃபிரேமை எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் மாட்டி, காதுப் பக்கம் குனிந்து, கம்பியை வளைத்துச் சரிசெய்வாள். அந்தக் கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம் பார்க்கிற கண்ணாடி. மேலே வரிசையாக விளக்கு. நான்கு மாதமாகத் தலையில் துணி கட்டியிருக்கிறாள், வீட்டிலும். பிறகு இரண்டு வாரம் விடுப்பு எடுத்தாள். அது வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை போனில் சொன்னாள், ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், இன்னும் கொடுக்கவில்லை என்று. இருபத்திரண்டு வருஷ வேலை. வேறு வேலை தெரியாது, வேறு வேலை பிடிக்கவும் பிடிக்காது.

அத்தான் அவளிடம், நீ எப்படி இருந்தாலும் எனக்குச் சரிதான் என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டவர்களா என்று கேட்டாளாம்.

ஆபரேஷன், ஊசியில் முடி நடுவது எதுவும் வேண்டாம், வேறு ஏதாவது வழி இருந்தால் நீ போய்ப் பார், நான் வரவில்லை என்றாள். அதனால் புதன்கிழமை நான் வந்தேன்.

கடைக்கு வெளியே பெயர்ப்பலகை இல்லை. செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, கதவில் ஒரு எண் மட்டும். உள்ளே திரை போட்ட இரண்டு நாற்காலிகள். அலமாரியில் பஞ்சுத் தலைகள். கண் மூக்கு இல்லாதவை. சிலவற்றுக்கு முடி இருந்தது.

நான் தையல்காரி. கையில் அளவு நோட்டு கொண்டுபோயிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

கிளிப் வைத்தது ஒன்று. இருக்கிற முடியில் மாட்டிக்கொள்வது, இரவு கழற்றிவிடலாம். ஆனால் சுற்றியுள்ள முடி பலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளிப்பே இருப்பதையும் பிடுங்கிவிடும். பசையால் ஒட்டுவது ஒன்று. தலைக்குக் குளிக்கலாம், தூங்கலாம். ஆனால் ஒட்டுகிற இடத்தை மழிக்க வேண்டும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவித் திரும்ப ஒட்ட வேண்டும், அதற்கு முன்னால் கையில் கொஞ்சம் தடவித் தோல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டேப்பில் ஒட்டுவதும் உண்டு. அடியில் வலை போட்டது காற்றோட்டம், ஆனால் சீக்கிரம் கிழியும். தோல் மாதிரி மெல்லிய தாளில் செய்தது கிழியாது, ஆனால் வேர்க்கும். முழுத் தலைக்கும் விக் உண்டு. நிஜ முடி விக், செயற்கை முடி விக். செயற்கையை அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தூவுகிற பொடி இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளக் கொஞ்சமாவது முடி வேண்டும். ஊசியால் புள்ளி புள்ளியாக மை குத்துவது இருக்கிறது, அது முடி இல்லை, நிழல்.

ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் 'ஆனால்' இருந்தது. பக்கம் நிறைந்துவிட்டது. எதை எதனோடு சேர்த்து எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை.

தோல் டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்டார். காட்டினாள், இரண்டு முறை ஊசி போட்டார்கள், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள் என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டார். என் கை தானாக என் உச்சந்தலைக்குப் போனது. வேறு எங்கே போகும்?

எவ்வளவு அகலம்? உள்ளங்கை அளவு இருக்கும் என்றேன். அந்த இடம் வழுவழுப்பாக இருக்கிறதா, பூனைமுடி இருக்கிறதா? தெரியவில்லை. சுற்றியுள்ள முடி இழுத்தால் வருகிறதா? தெரியவில்லை.

அவர் குறித்துக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அவங்கள ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன் என்றார்.

அவள் வரமாட்டாள், என் தலையில் அளவு எடுங்கள் என்றேன். நாங்கள் இரட்டையர் என்று விளக்கினேன். இருபது வருஷமாக அவளுக்குச் சட்டை தைக்கிறேன், ஒருநாளும் அவள்மேல் டேப் வைத்ததில்லை, என் அளவில் வெட்டினால் அவளுக்குச் சரியாக இருக்கும். தொழிலாளிக்குத் தொழிலாளி சொல்கிறேன் என்று பெருமையாகவே சொன்னேன்.

"தலை சட்டை இல்லம்மா. வெட்டினா வெட்டினதுதான். பிரிச்சுத் தைக்க முடியாது."

நான் விடவில்லை. திங்கள் வரைதான் அவகாசம் என்றேன். தலைக்கென்று தனியாகச் செய்ய ஆறு வாரம் ஆகும், தயாராக இருப்பதை அளவுக்கு வெட்டினால் சனிக்கிழமை தரலாம் என்றார். கடைசியில் நாற்காலியைக் காட்டினார்.

சமையலறையில் பாத்திரம் மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை என் தலையில் இறுக்கிச் சுற்றினார். அதன்மேல் டேப்பை ஒட்டிக்கொண்டே போனார், ஓடு மாதிரி கெட்டியாகும் வரை. மார்க்கரால் உச்சியில் வட்டம் போட்டார். இன்னும் கொஞ்சம் பின்னால் என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. நிறம் பார்க்க என் முடியில் ஒரு கொத்து வெட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு போனில் எல்லாவற்றையும் விளக்கினேன். நோட்டைப் பார்த்துப் படித்தேன். அவளுக்குப் புரியவில்லை. பசை என்றால் மொட்டை அடிக்கணுமா என்றாள். அந்த இடம் மட்டும் என்றேன். எந்த இடம் என்றாள். அந்த இடம்தான் என்றேன். நீ எது சொல்கிறாயோ அதுவே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். கடையில் நான் ஏற்கெனவே கிளிப் வைத்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அக்கா பெட்டியை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டாள். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். முன்சக்கரம் முடித்து, பின்சக்கரம் முடித்து, உள்ளே போய்விட்டார்.

அக்கா வெளியே வந்தாள். தலையில் துணி கட்டியபடியே இருந்தது. பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"இது யாருக்கு வாங்கின?"

"உனக்குத்தான்."

"உன் தலை பெருசுடி. எனக்கு வண்டி மூடுற தார்ப்பாய் மாதிரி இருக்கு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது எப்படி, நம் இருவருக்கும் ஒரே அளவுதானே, சட்டையெல்லாம் சரியாக இருக்கிறதே என்றேன். அவள் உள்ளே போய் அலமாரியிலிருந்து நான் தைத்த நீலச் சட்டையைக் கொண்டுவந்து உள்புறம் திருப்பிக் காட்டினாள். இடது தோளில் என் தையல் பிரிக்கப்பட்டு, வேறு நூலில் அரை அங்குலம் உள்ளே தைக்கப்பட்டிருந்தது. நேர்த்தியான தையல். எத்தனை சட்டையில் இப்படி என்று கேட்டேன். எல்லாவற்றிலும் என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்றேன். நீ ஆசையாகத் தைத்துக் கொடுக்கிறாய் என்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"நான் கடைக்கு வரலன்னு சொன்னேன். சரி. நாலு மாசத்துல நீ ஒரு தடவகூட, எங்க கொட்டியிருக்கு, காட்டுன்னு கேக்கல."

உண்மை. துணி கொஞ்சம் நழுவினால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் உண்மையில்லை. தினமும் காலையில் சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் வைத்து எண்ணுகிறேன். தலையணையைத் தட்டிப் பார்க்கிறேன். ஒரே முகம் என்றால் அவள் தலையில் நான் பார்க்கப்போவது எது? அதைச் சொன்னேன். கோர்வையாக வரவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள். எனக்கு வரும் என்றா, நான் பயப்படுவதா, எது தெரியும் என்று அவள் சொல்லவில்லை.

"காட்டு" என்றேன்.

முடிச்சு பின்னால் இருந்தது. அவிழ்க்க நேரமாயிற்று.

உச்சந்தலையில் எதுவும் இல்லை. அதாவது, எந்தக் குறையும் இல்லை. என் முடி மாதிரியே அடர்த்தியாக இருந்தது. வலது காதுக்கு மேலே வட்டமாக ஓர் இடம், வழுவழுப்பாக. பிடரியில் இரண்டு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மூன்று விரல் அகலத்துக்குக் கிடந்தன. அவற்றின் நடுவில் வெள்ளையாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பூனைமுடி. சுவர் இடிந்த வீட்டுக்கு நான் கூரை வாங்கி வந்திருக்கிறேன்.

ஃபிரேமைச் சரிசெய்ய அக்கா ஒருத்தர் காதுப் பக்கம் குனியும்போது அவருக்குத் தெரிவது இந்த இடம்தான். இதை நான் யோசித்ததே இல்லை.

தொடலாமா என்று கேட்டேன். தொடு என்றாள். தோல் சாதாரணமாக இருந்தது. வெதுவெதுப்பாக.

முடிக்கடை ஆறு மணிக்கு மூடும். ஐந்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அக்காவை உட்காரவைத்துத் திரையை இழுத்தார். நான் வெளியே நிற்கவா என்றேன். உள்ளே வாடி என்றாள் அக்கா.

அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார். காதுப் பக்கம் கிளிப் கூடாது, ஓரத்து முடி இழுத்தால் வருகிறது என்றார். பூனைமுடி வருகிற இடத்தில் பசையும் வேண்டாம், ஊசி போட்ட டாக்டரைக் கேட்காமல் மழிக்கவும் வேண்டாம். பிடரிக்கு மட்டும் பட்டையாகச் செய்யலாம், ஆனால் ஆறு வாரம். முழு விக் ஒன்று உண்டு, உள்ளே ரப்பர் பட்டை பிடித்துக்கொள்ளும், ஒட்ட வேண்டாம், ஆனால் முதல் வாரம் அரிக்கும். அல்லது மேலே இருக்கிற சொந்த முடியையே வேறு மாதிரி வெட்டிப் பக்கத்தில் இறக்கலாம், காதுக்கு மேலே மறைந்துவிடும், ஆனால் காற்றடித்தால் தெரியும்.

மறுபடியும் 'ஆனால்'. என் நோட்டில் எழுதியது பாதிக்கு மேல் பொருந்தவில்லை. அக்கா கேள்வி கேட்டாள். கண்ணாடிக் கம்பி விக்கின்மேல் நிற்குமா, அடியில் போகுமா? வாடிக்கையாளர் கை தவறிப் பட்டால் நகருமா? அவற்றில் ஒன்றையும் நான் கேட்டிருக்கவில்லை. சிலவற்றுக்குப் பதில் சொன்னார். சிலவற்றைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் கடையில இருக்கணும்" என்றாள் அக்கா. "அதுக்குள்ள எது ஆகும்?"

விக் ஆகும், வெட்டுவதும் ஆகும் என்றார். எது நல்லது என்று கேட்டாள். அது அவங்கவங்க மனசுதான் என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலக்கா" என்றேன்.

"எனக்கும் தெரியல." அவர் பக்கம் திரும்பினாள். "முதல்ல அளவு எடுங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் அளவு டேப்பை எடுத்தார். பிடரியைப் பார்க்க வேண்டும், முடியை யாராவது தூக்கிப் பிடிக்கணும் என்றார்.

நான் பிடித்தேன்.