இறங்காத கோடு

சுடர்விழியைப் பற்றி நல்லவிதமாக நான்கு வார்த்தை பேசச் சொன்னால் பேசிவிடுவேன். ஐந்தாவது வார்த்தைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இருவரும் ஒன்றாக எம்.பி.பி.எஸ். முடித்து, ஸ்கேன் படம் பார்க்கும் மேற்படிப்பையும் ஒன்றாகவே படித்தவர்கள். தங்கப் பதக்கம் அவளுக்குக் கிடைத்தது. அன்று அரங்கத்தில் முதலில் கைதட்டியவன் நான்தான். முதலில் நிறுத்தியவனும் நான்தான். அவள் பாஸ்டனுக்குப் போனாள். நானும் போனேன், பாபநாசத்துக்கு, மாப்பிள்ளையாக.

2008-இல் நான் வேலை பார்த்த தஞ்சாவூர் ஸ்கேன் சென்டருக்கு மார்பக எம்ஆர்ஐ எடுக்கிற மெஷின் வந்து இறங்கியது. சிலுவையோடு மந்திரிக்க வந்த பங்குத்தந்தையை, இரும்புப் பொருள் எதுவும் உள்ளே ஆகாது என்று இன்ஜினியர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். கதவுக்கு மட்டும் ஆசீர்வாதம் கிடைத்தது. மெஷினும் நானும் தப்பித்துக்கொண்டோம்.

வேலை இதுதான். பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்து, கை நரம்பில் மருந்து ஏற்றி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். மருந்து போய்ச் சேருகிற இடம் வெள்ளையாக ஒளிரும். ஒளி ஏறி இறங்குவதைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாகப் போட்டுக் காட்டும். சரசரவென்று ஏறி உடனே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். நண்டு வளை வைத்த வயலில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுவது போல. மெதுவாக ஏறி, இறங்காமல் அப்படியே தங்கினால் பெரும்பாலும் பயமில்லை.

எங்கள் சர்ஜன் லியாகத் அலி சாருக்கு டீயில் சர்க்கரை கூடாது, என் ரிப்போர்ட்டில் நம்பிக்கை கிடையாது. மார்பகப் படங்களை எல்லாம் இன்டர்நெட்டில் சுடர்விழிக்கு ஒரு தடவை அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அனுப்புகிற வேலையும் எனக்குத்தான். என் விடைத்தாளை நானே கவரில் போட்டு, தங்கப் பதக்கத்துக்குத் தபாலில் சேர்க்கிற வேலை. முதல் வருடமே நான் விட்ட ஆறு மில்லிமீட்டர் புள்ளி ஒன்றை அவள் அங்கே உட்கார்ந்தபடி பிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒளிர்வதையெல்லாம் வட்டம் போட ஆரம்பித்தேன். அவளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது என்பதுதான் என் மருத்துவக் கொள்கையாக இருந்தது.

அப்போதுதான் செவ்வந்தி வந்தார். குத்தாலம் பக்கத்துக் கிராமம், நாற்பத்தொரு வயது. இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. ஊசி குத்திப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அந்தக் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, மார்பையே எடுக்க வேண்டுமா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படத்தில் கார்த்திகை தீபம் போல இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எடுத்தால் இப்படி வீணாக ஒளிரும் என்பது பாடம். படிவத்தைப் பார்த்தேன். மாதவிலக்கு ஆகி ஒன்பதாம் நாள் என்று இருந்தது. படம் எடுக்க அதைவிடத் தோதான நாள் இல்லை. அப்படியானால் எரிவதெல்லாம் நிஜம். இடதில் ஏழு, வலதில் நான்கு என்று வட்டம் போட்டேன். இடது பக்கம் முழுவதும் பரவல், வலது பக்கமும் சந்தேகம் என்று ரிப்போர்ட் எழுதினேன். ஏழாவது வட்டத்தைப் போடும்போது, இதில் ஒன்றையாவது கூட்டிக் காட்டு பார்க்கலாம் என்று பாஸ்டன் திசை பார்த்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் புள்ளிகளின் கோடு இறங்குகிறதா தங்குகிறதா என்று நிதானமாகப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை இடது மார்பை முழுதாக எடுப்பது என்று லியாகத் சார் முடிவு செய்தார்.

செவ்வாய்க்கிழமை சுடர்விழியின் மெயில் வந்தது. சர்ஜனுக்குப் போடாமல் எனக்கு மட்டும் போட்டிருந்தாள். தேதியும் படமும் ஒத்துப்போகவில்லை, அந்த அம்மாவிடம் நேரில் கேள், கேட்டபின் நாம் இருவரும் பேசி எழுதலாம் என்று இரண்டே வரி. என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டி எழுதியிருந்தால் உடனே போன் செய்திருப்பேன். குத்தாலத்துப் பெண்ணைப் பற்றி எனக்கு அமெரிக்காவிலிருந்து பாடமா என்று மெயிலை மூடினேன். புதன்கிழமை இரண்டு முறை திறந்தேன், இரண்டு முறை மூடினேன்.

வியாழன் காலை, ஆபரேஷனுக்கு முதல் நாள், ஃபிலிம் வாங்கிப் போக செவ்வந்தி கணவரோடு வந்தார். கணவர் ரெத்தினம் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா நேராக என் அறைக்குள் வந்து, ஒரு சந்தேகம் என்றார்.

“குறுவை நடவு ஆரம்பிச்சிருச்சு டாக்டர். ஒரு பக்கம் எடுத்துட்டா, குனிஞ்சு நடுறப்ப சாய்ஞ்சுடுவனா? வரப்புல நிக்கிறவன் வரிசை கோணலா இருக்குன்னு ஏசுவான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பதினைந்து வருடமாக இந்தச் சென்டரில் கேலி பேசுகிற உத்தியோகம் என்னுடையது. எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் சிரித்து முடித்த பிறகும் முந்தானையை இடது பக்கம் பிடித்துக்கொண்டிருந்த கை இறங்கவேயில்லை.

மூடி வைத்திருந்த மெயில் என்னைக் குத்தியது. நர்ஸ் ஜூலியட்டை உள்ளே வரச் சொல்லிவிட்டு, வாயில் வராத கேள்வியை ஒருவழியாகக் கேட்டேன்.

“கடைசியா எப்பம்மா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டீங்க?”

“அது ஆச்சு ஒன்ற மாசம். தள்ளிப்போக மாத்திரை போட்டிருந்தேன்ல.”

“எதுக்கு?”

“மாரியம்மனுக்குத் தீமிதி. கட்டின்னு தெரிஞ்ச அன்னிக்கே வேண்டிக்கிட்டேன். காப்பு கட்டிட்டு தூரமாயிட்டா எப்படி மிதிக்கிறது? மெடிக்கல்ல கேட்டு வாங்கி பன்னெண்டு நாள் போட்டேன். மிதிச்ச மூணாம் நாளுதான் இங்க படம் எடுக்க வந்தது.”

ஹார்மோன் மாத்திரை. நோய் தீர வேண்டிக்கொண்டு போட்ட மாத்திரைதான் விளக்கை ஏற்றி வைத்திருக்கிறது.

“அப்ப படிவத்துல ஒன்பது நாள்னு யார் எழுதினது?”

ஜூலியட் கதவுக்கு வெளியே பார்த்தாள். ரெத்தினம் டியூப் லைட்டைப் பார்த்தார். அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“நர்ஸம்மா என்னையத்தான் தேதி கேட்டுச்சுங்க,” என்றார் மெல்ல. “இதெல்லாம் எனக்கு எங்கங்க தெரியும்? தெரியாதுன்னு சொல்லவும் கூச்சமா இருந்துச்சு. பட்டா பேரு மாத்த ஜமாபந்திக்குப் போயிருந்தேன். அந்தத் தேதிதான் ஞாபகத்துல இருந்துச்சு. அதச் சொல்லிட்டேன்.”

தாசில்தார் ஆபீஸுக்குப் போன நாளை வைத்து ஒரு பெண்ணின் மார்பைப் படித்திருக்கிறேன். வருகிறவரிடம் கேட்காமல் கூட வருகிறவரிடம் கேட்பது எங்கள் சென்டர் வழக்கம். அதுதான் மரியாதை என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

படங்களைத் திறந்து ஒவ்வொரு புள்ளியின் கோட்டையும் பார்த்தேன். ஒன்று மட்டும் ஏறி இறங்கியது. மற்றதெல்லாம் ஏறி, அப்படியே தங்கியிருந்தது. லியாகத் சாரிடம் போய், என் ரிப்போர்ட் தப்பு, நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை விளைவு தணிந்ததும் மறுபடி எடுக்கிறேன் என்றேன். புற்றுநோயைக் காக்க வைப்பதா என்று கோபப்பட்டார். மூன்று வாரம் கேட்டேன். கடைசியில் சம்மதித்தார். டீ சொல்லவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்கு, அவளுக்குக் காலை நேரத்தில், சுடர்விழிக்குப் போன் செய்தேன்.

“செவ்வாக்கிழமை போட்ட மெயிலு. நெட் இல்லையா அருள்?”

“நெட் இருந்துச்சு,” என்றேன்.

பிறகு மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது செய்தியே இல்லை. “கீழ்வேளூர் பக்கம் எங்க தெருவுல, தீமிதிக்கு மாத்திரை போடாத பொம்பள கிடையாதுப்பா. எங்கம்மாவும் போட்டிருக்காங்க. உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

நீ கேட்டதும் இல்லை என்று அவள் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒரு கோயிலும் பாக்கியில்லாமல், தேவாலயமும் விடாமல், மனதுக்குள் சுற்றினேன். இரண்டாவது படத்தில் வலது பக்கம் இருட்டு. இடது பக்கமும் இருட்டு, அந்தச் சுண்டைக்காய் ஒன்றைத் தவிர. லியாகத் சார் கட்டியை மட்டும் எடுத்தார், மார்பு தப்பியது. தேதி கேட்கும் கேள்வியை இனி அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும் என்று படிவத்தைத் திருத்தினோம்.

சுடர்விழியின் ரிப்போர்ட் வந்தபோது கடைசி வரியைப் படித்தேன். நோயாளியிடம் நேரில் பேசி உண்மையைக் கண்டறிந்தவர் டாக்டர் அருள்பிரகாஷ் என்று எழுதியிருந்தாள். பெருந்தன்மையிலும் பதக்கம் அவளுக்கே. நன்றி சொல்லப் போன் செய்தால், அந்த அம்மா என்னதான் சொன்னார் என்று கேட்டாள். வரிசை கோணலாகிற கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, “இன்னொரு தடவ சொல்லேன்,” என்றாள். சொன்னேன்.

“பதினஞ்சு வருஷமா படம் பாக்குறேன் அருள். ஒரு ஆளு முகம் பாத்ததில்ல,” என்றாள்.

அந்த நிமிடம் எனக்கு அவள்மேல் பொறாமையே இல்லை. அடுத்த நிமிடம், அங்கே புது மெஷின் வாங்கியிருக்கிறார்கள், நம்முடையதைவிட இரண்டு மடங்கு தெளிவு என்றாள்.

பொறாமை மறுபடி ஏறிவிட்டது. ஆனால் இத்தனை வருடக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். மெதுவாக ஏறி, இறங்காமல் தங்குகிற வகை. பெரும்பாலும் பயமில்லை.