முருகர் தேர்ந்தெடுத்த நாய்

எங்கள் வீட்டில் நாய் வாங்குவதென்று முடிவானபோது, அதற்கு யார் சோறு போடுவது, யார் குளிப்பாட்டுவது, அது கண்ட இடத்தில் அசிங்கம் செய்தால் யார் அள்ளுவது என்று ஒருவரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, அதற்குத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே. பேச்செல்லாம் என்ன ஜாதி நாய் என்பதில்தான்.

நாய் யாருக்காக என்பதையாவது சொல்லிவிடுகிறேன். அதையும் எல்லோரும் மறந்துபோனார்கள். என் மகள் திரிஷாவை எட்டு வயதில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடியில் ஒரு நாய் கடித்துவிட்டது. கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்தது. ஊசி போட்டோம், புண் ஆறிவிட்டது. பயம் மட்டும் ஆறவில்லை. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் டியூஷனுக்குக்கூடத் தனியாகப் போகமாட்டாள். நான் பட்டு நெய்கிற தறிக்குழியிலிருந்து எழுந்து கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பப் போய் அழைத்துக்கொண்டு வரவேண்டும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்வரை அவள் என் கையைப் பிடிக்கிற பிடியில் இரண்டு முறை கண்ணாடி வளையல் உடைந்திருக்கிறது.

ஊசி போட்ட டாக்டரம்மாதான் யோசனை சொன்னார். "சாதுவான குட்டியா ஒண்ணு வாங்கிக் குடும்மா. அவளே பால் ஊத்தி வளக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா தெளிஞ்சுடுவா."

திரிஷா என் போனில் மூன்று மாதம் பார்த்துப் பார்த்து லேப்ரடார் என்று முடிவு செய்தாள். நாயை நேரில் பார்த்தால் நடுங்குகிற பெண், போனில் லேப்ரடார் குட்டி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து எழுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் யானைகூட வாங்கிக் கட்டியிருப்பேன்.

அப்போதுதான் மாடியிலிருந்து என் கணவரின் அண்ணன் சபாபதி இறங்கி வந்தார். இந்த முறை எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார். அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவர் செருப்பு போடும் சத்தம்கூட மாறிவிட்டது.

"லேப்ரடாரா? திருடன் வந்தா வாலாட்டிக்கினு பீரோவைக் காட்டும் அது. ராட்வீலர் வாங்குங்கப்பா. முசரவாக்கத்துல தினகரன்னு நம்ம பையன் வளக்கறான். நாளைக்கு நாலு பேரு வந்து போற வீடு. வாசல்ல ஒரு கெத்து வாணாமா?"

"நாயி கெத்துக்கு இல்ல மாமா. கொழந்தைக்கு" என்றேன்.

"அது சரிம்மா. ஆனா லேப்ரடார் முடி கொட்டும். தறி இருக்கிற வீடு. பட்டுல முடி மாட்டிக்கினா சேலை திரும்பி வந்துடும், பாத்துக்கோ."

நாலு தலைமுறையாகத் தறி ஓடும் வீட்டில் பிறந்து, ஒரு முழம்கூட நெய்யாத மனிதர் எனக்குப் பட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். அப்போது என் தறியில் ஓடிக்கொண்டிருந்தது மாம்பழ மஞ்சள் உடம்பும் அரக்குக் கரையுமாக ஒரு சேலை. "லேப்ரடார் முடி மஞ்சள். என் சேலையில விழுந்தா கண்ணுக்கே தெரியாது. ராட்வீலர் முடி கறுப்பு மாமா, அது இன்னா, கொட்டாம ஒட்டிக்கினே இருக்குமா?" என்று கேட்டேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் முத்துக்குமார் மின்விசிறியைப் பார்த்தார்.

முத்துக்குமாரைப் பற்றிச் சொல்லவேண்டும். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் சேலை எடுத்துப்போடும் வேலை. வாடிக்கையாளர் கேட்டால் அறுபது சேலையை விரித்துப் போடுவார், முகம் சுளிக்கமாட்டார். நல்ல மனிதர் என்று தெருவே சொல்லும். அண்ணன் எதிரில் மட்டும் அவருக்கு நாக்கு கிடையாது. பதினாலு வருடமாக அந்த நாக்கு முளைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் இழுபறி. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "சண்டை வாணாம். முருகர்கிட்ட நூல் போட்டுப் பாத்துடலாம்."

மற்ற வீடுகளில் பூக் கட்டிப் போடுவார்கள். எங்கள் வீட்டில் பட்டுநூல். இரண்டு நிற நூலைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, தனித்தனிக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, முருகர் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வோம். வந்த நிறம்தான் சாமி சொன்ன பதில். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதை அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்ததே அப்படி நூல் போட்டுப் பார்த்துத்தான் என்று என் மாமியார் இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஒத்துக்கொண்டேன். முட்டாள் நான், ஒத்துக்கொண்டேன். அண்ணனிடம் பேசமுடியாத மனிதர் சாமியிடமாவது போகிறாரே என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கிருத்திகை. திரிஷா தலைக்குக் குளித்துவிட்டு வந்து நின்றாள். மஞ்சள் வந்தால் லேப்ரடார், அரக்கு வந்தால் ராட்வீலர். என் தறியிலிருந்தே நூல் கத்தரித்து, காலண்டர் தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டியதெல்லாம் முத்துக்குமார்தான். திரிஷா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ வேண்டினாள். அவ்வளவு நேரம் எந்தப் பரீட்சைக்கும் அவள் வேண்டி நான் பார்த்ததில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அரக்கு.

சபாபதி கைதட்டினார். "முருகருக்கே தெரியுதுப்பா!" என்று சொல்லிவிட்டு மாடிப்படியிலேயே தினகரனுக்குப் போன் போட்டார். நாய்க்கு டைசன் என்று பெயர்கூட வைத்துவிட்டார். என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நூலை மடித்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி" என்றாள்.

முத்துக்குமார் கடைக்குப் போனார். நான் தறியில் உட்கார்ந்தேன். திரிஷா வந்து குழி ஓரத்தில் குந்திக்கொண்டாள்.

"அம்மா, ராட்வீலர் குட்டிக்குப் பல்லு எப்போ மொளைக்கும்?"

"ஏம்மா?"

"சும்மாதான்." கொஞ்ச நேரம் கழித்து, "நான் வேண்டிக்கினது தப்பாம்மா? லேப்ரடார் குடுத்தா மொட்டை போட்டுக்கிறேன்னு வேண்டினேன். அது பத்தலையா?" என்றாள்.

இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு. தினமும் நான் பின்னிவிடுகிற முடி. என்ன பதில் சொல்வது? "சாமி ஏதாச்சும் நெனச்சிருப்பாரு" என்று அந்தப் பொய்யை நானும் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு விளக்கைத் துடைக்கப் போனபோதுதான் இரண்டாவது பொட்டலம் கண்ணில் பட்டது. கிணற்றில் போடலாமென்று எடுத்தேன். பட்டுநூலைச் சும்மா மடித்து வைத்தால் நிற்காது, அது வழுக்கிக்கொண்டு வெளியே வரும்; முடிச்சுப் போட்டுத்தான் வைக்கவேண்டும். நெய்கிறவர்களுக்கு அது கையோடு வரும் பழக்கம். விற்கிறவருக்குத் தெரியவில்லை. காகித மடிப்பிலிருந்து ஒரு நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் அரக்கு.

பிரித்தேன். பிரிக்கக் கூடாது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. உள்ளே மஞ்சள் ஒரு இழைகூடக் கிடையாது.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அண்ணனுக்குப் பயந்த மனிதருக்கு முருகரிடம் துளிப் பயம் இல்லை. என் தறி நூலை எடுத்து, என் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, அவள் எதிரிலேயே குலுக்கிப் போட்டிருக்கிறார். என் கல்யாணத்துக்குப் போட்ட நூலாவது ஒழுங்கான நூல்தானா என்று அப்போதே சந்தேகம் வந்தது. அதைக் கேட்க மாமியார் உயிரோடு இல்லை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிட வந்தார். சோறு போட்டேன், சாம்பார் ஊற்றினேன். முதல் கவளம் வாய்க்குப் போகும்போது, பிரித்த பொட்டலத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் முகம் வெளுத்தது. பிறகு என்ன சொன்னார் தெரியுமா?

"பிரிச்சியா? அதைப் பிரிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாது?"

திருட்டு வேலை செய்தவர் என்னிடம் சாஸ்திரம் பேசுகிறார். என் குரல் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியவில்லை, தெருமுனை வரை கேட்டிருக்கும். "ரெண்டுலயும் அரக்கு வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சு கூசல?"

"கத்தாத துர்கா. அண்ணன்கிட்ட எப்டி மாட்டேன்னு சொல்றது? உன்கிட்டயும் சொல்ல முடியல. சாமி மேல போட்டுட்டா யாருக்கும் மனசு நோகாதுன்னுதான்..."

"யாருக்கும்னா? உள்ள ஒருத்தி காலையிலருந்து சாமி தன்னைக் கைவிட்டுடுச்சுன்னு குந்திக்கினு இருக்கிறாளே, அவ யாரு?"

சத்தம் கேட்டு சபாபதி இறங்கி வந்தார். நூலைப் பார்த்தார். "நான் இப்படி செய்யச் சொல்லலப்பா" என்று முதலில் கையைக் கழுவினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணும்மா. முருகர் லேப்ரடார்னு நெனச்சிருந்தா உள்ள இருக்கிற நூலையே மஞ்சளா மாத்தியிருப்பாரு இல்ல?"

"மாமா, நீங்க மேல போங்க" என்றேன். "டைசனும் வாணாம், ஒண்ணும் வாணாம். இந்த வீட்டுக்கு லேப்ரடார்தான் வருது. நான் நெய்யற வீடு இது. யாருக்காச்சும் கெத்து வேணும்னா மாடியில வளத்துக்குங்க."

இத்தனை வருடத்தில் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மாடிப்படி பக்கம் திரும்பினார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன்.

அறை வாசலில் திரிஷா நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது. அவள் என்னையும் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"எனக்கு எந்த நாயும் வாணாம்" என்றாள்.

"கண்ணு, இங்க வாடா..." என்றார் அவர்.

"முருகருக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சுட்டேன்பா."

அவ்வளவுதான் சொன்னாள். டியூஷன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டாள். டியூஷனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். முத்துக்குமார் என்னை முந்திக்கொண்டு, சாம்பார் கையோடு, வெறுங்காலோடு ஓடினார். பிள்ளை விடுவிடுவென்று போய் டிரான்ஸ்பார்மருக்குப் பத்தடி முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். நிழலில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் பக்கத்தில் போய் இடது கையை நீட்டினார். "வா, அப்பா கையைப் புடிச்சுக்கோ. அப்பா இருக்கேன் இல்ல?"

திரிஷா அந்தக் கையைப் பார்த்தாள். நாய்களைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

பிறகு நாய்கள் பக்கம் நடந்தாள்.

ஒரு நாய் எழுந்து அவள் பையை முகர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அது கொட்டாவி விட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. அவள் கண்ணைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல், திருப்பத்தில் மறைந்தாள். மூன்று வருடமாக நான் பார்க்கக் காத்திருந்ததுதான் இது. குட்டி நாய் ஒன்று நக்கி நக்கி அவள் பயம் போகுமென்று கனவு கண்டேன். அப்பன் கையைவிடத் தெருநாய் தேவலாம் என்று அவள் போகிற நாளை நான் கேட்கவில்லை.

முத்துக்குமார் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா துர்கா! தனியா போயிட்டா! பயம் தெளிஞ்சுடுச்சு! எல்லாம் முருகர் செயல்!"

தெருவில் நாலு வீட்டு வாசலில் ஆள் நின்றிருந்தார்கள். பதினாலு வருடத்தில் நான் இவரை வீட்டுக்குள்கூட 'இன்னாங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"முத்துக்குமார்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "உள்ள போயி கையைக் கழுவு."