கண் தெரியாதவர் வெட்டிய சோப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒரு பழைய கிடங்குக்குள் கூடும். மொத்தம் அறுபது மேசைகள். அதில் சோப்பு மேசை மட்டும் பதினொன்று. எல்லாரும் கையால் செய்கிறவர்கள். எல்லார் மேசையிலும் அதே பழுப்புக் காகிதம், அதே சணல் கயிறு. உள்ளே வருகிறவர்களுக்கு மூன்றாவது மேசையிலேயே மோந்து மோந்து மூக்கு மரத்துப்போகும். ஒன்பதாவதாக உட்கார்ந்திருந்த சோப்புக்காரியை அவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அவளும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. இலை வடிவத்தில் அச்சு வாங்கினாள். சோப்புக்கு ஒரு வரி வீதம் கவிதை எழுதி ஒட்டினாள். ஒரு வாரம் மேசை மேல் தண்ணீரும் வாளியும் வைத்து, வருகிறவர்களைக் கை கழுவிப் பார்க்கச் சொன்னாள். கழுவினார்கள், துடைத்துக்கொண்டு போனார்கள்.

"இனி நீ மேசை மேல ஏறி ஆடறதுதான் பாக்கி," என்றார் பக்கத்து மேசைக்காரர். மரக்கரண்டி செதுக்கி விற்கிறவர். சந்தையில் எல்லாரும் கரண்டிக்காரர் என்றே கூப்பிடுவார்கள்.

அவள் கணவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சந்தைப் பக்கம் வந்ததே இல்லை. ஞாயிறும் அவனுக்கு வேலைநாள்தான். வேலை முடிந்து வந்து, இறுகிய சோப்புப் பாளத்தை மெல்லிய கம்பியால் துண்டு போடுவது மட்டும் அவன் பொறுப்பு. ஒரு கண் டிவியில் இருக்கும். துண்டுகள் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் இளைத்து விழும்.

"ஏம்மா, எல்லாம் இப்படிக் கோணலா இருக்கு?" என்று ஒரு ஞாயிறு யாரோ ஒரு பெண் கேட்டாள்.

அன்று காலையிலிருந்து ஒரு துண்டுகூடப் போகவில்லை. அந்த எரிச்சலோ என்னவோ, சோப்புக்காரியின் வாயில் அந்தப் பதில் தானாக வந்து விழுந்தது.

"என் வீட்டுக்காரர் வெட்டறதுங்க. அவருக்குக் கண் தெரியாது."

அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போனது. ஆறு துண்டு வாங்கிக்கொண்டு, சோப்புக்காரியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள்.

ஒருமுறை வாய் தவறியது என்று விட்டிருக்கலாம். அடுத்த வாரம் அவள் அதை அட்டையிலேயே எழுதினாள். 'கண் பார்வை இழந்த என் கணவர், தொட்டுத் தொட்டு வெட்டிய சோப்பு.' நடுவில் இரண்டு முறை பேனாவை மூடி வைத்தது உண்மை. நிறுத்தவில்லை என்பதும் உண்மை.

அதற்கப்புறம் மதியத்துக்குள் மேசை காலியானது. மற்ற சோப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அட்டையைப் படித்துவிட்டு, தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள். சந்தை நடத்துகிறவர் அவளை வாசலுக்குப் பக்கத்து மேசைக்கு மாற்றினார். கரண்டிக்காரர் கெஞ்சிக் கேட்டுப் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாயம் பண்றே?" என்று வீட்டில் கணவன் கேட்பான்.

"வாய் சாமர்த்தியம்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளிடம் தவறாமல் வாங்குகிறவர்களில் ஒரு டீச்சர் உண்டு. ஒரு ஞாயிறு அவர் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"அப்பாவுக்குப் போன வருஷம் பார்வை போயிடுச்சு. அன்னையிலிருந்து ரூமை விட்டே வரல. உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிச் சொல்லித்தான் இன்னைக்குக் கிளப்பினேன்," என்றார் டீச்சர்.

பெரியவர் புதிதாகச் சவரம் செய்திருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயம். "நானே பண்ணிக்கிட்டேன். அவரால முடியும்னா என்னால முடியாதா?" என்று சிரித்தார். "அவர் வந்திருக்காரா?"

அந்த நேரம் பார்த்தா அவள் கணவன் வர வேண்டும்! பணிமனையில் அன்று அரைநாள் விடுப்பு. அவள் மறந்துவிட்டு வந்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேசைக்கு வந்தான்.

"இதோ, உன் வீட்டுக்காரரே வந்துட்டாரே!" என்றார் கரண்டிக்காரர். மேசை வாடகைக்கு அவளிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்ததால் அவருக்கு ஆளைத் தெரியும். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கணவன் அட்டையைப் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

டீச்சர் காகிதக் கட்டிலிருந்து மெதுவாக அவன் கண்ணாடிக்குப் பார்வையை உயர்த்தினார். இன்னும் ஒரு கணம் போயிருந்தால் எல்லாம் உடைந்திருக்கும். அதற்குள் அவன் கையை முன்னால் நீட்டி, மேசை விளிம்பைத் தடவித் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வழி பழகிடுச்சு. நிழல் மாதிரி கொஞ்சம் தெரியும்," என்றான், யாரையும் பார்க்காமல்.

பெரியவர் அவன் கையைத் தேடிப் பிடித்தார். "கம்பியை எப்படிப் பிடிப்பீங்க? அளவு எப்படி?"

"கட்டை விரலை வெச்சுத்தாங்க அளவு." பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். நெற்றியில் வியர்வை வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

"ஆரம்பத்துல பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"எனக்கும் இருக்கு," என்றார் பெரியவர், தாழ்ந்த குரலில். "ஒரு நாள் வந்து கத்துக்கட்டுமா?"

"வாங்க," என்றான் அவன். வேறு என்ன சொல்வான்?

இருவரும் பேருந்தில் வீடு திரும்பினார்கள். கதவைச் சாத்தியதும் அவன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"கோவிச்சுக்கோங்க. நாலு வார்த்தை திட்டுங்க," என்றாள் அவள்.

"திட்டி என்ன ஆகப் போகுது? எல்லார் முன்னாடியும் உன் மானம் போகக் கூடாதுன்னு நடிச்சேன். ஆனா அந்த மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தாரே... இனிமே என்னால முடியாது."

அவன் கத்தியிருந்தால் அவளும் எதிர்த்துக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் கை கழுவும் சத்தம் கேட்டது. அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் டீச்சரைப் போனில் கூப்பிட்டு, தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். "என்கிட்ட சொல்லாதீங்க. அப்பாகிட்ட வந்து சொல்லுங்க," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மாலையில் டீச்சர் வீட்டுக்குப் போனாள். பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டார்.

"அப்போ வெட்டறது யாரு?"

"அவர்தாங்க."

"கண்ணைத் திறந்துக்கிட்டா?"

"ஆமாங்க."

"திறந்துக்கிட்டேவா அவ்வளவு கோணல்?"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சோப்புக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவருக்கும்தான்.

"என் சிநேகிதங்க மூணு பேருக்கு போன் போட்டு அவரைப் பத்திப் பெருமையாச் சொன்னேன்மா," என்றார். "இப்ப மறுபடி போட்டு, அப்படி யாரும் இல்லேன்னு சொல்லணும். சொல்றேன். நீ போயிட்டு வா."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிச்சல் அவளுக்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு அட்டை இல்லாமல் கடை போட்டாள். சந்தை நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டு ஒன்பதாவது மேசைக்கே திரும்பியிருந்தாள். கணவன் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்து நின்றான். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

முதலில் வந்த அம்மா இரண்டு சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா? பாவம்," என்றார்.

சோப்புக்காரி நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இவர்தாங்க. இவருக்குக் கண் நல்லாத் தெரியும். நான்தான் பொய் சொல்லி வித்தேன்."

அந்த அம்மா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். சோப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக மேசையில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார்.