அறுபத்திரண்டு கிலோ

வனஜா செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டாள்.

நாற்பத்தைந்து வயதில் ஒருத்தி அறுபத்தைந்து கிலோவைத் தரையிலிருந்து தூக்கி, முதுகு நிமிர்ந்து நின்றால், அதை நாலு பேருக்குக் காட்டத் தோன்றும்தான். தோன்றலாம், காட்டக் கூடாது. அதிலும் புகுந்த வீட்டு ஆட்களுக்குக் காட்டவே கூடாது. ஒருத்தியால் இன்னது முடியும் என்று தெரிந்துவிட்டால், மறுநாளே அதற்கு ஒரு வேலை கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் அவர்களுக்கு உண்டு.

முட்டி வலிக்கென்று போன இடத்தில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு தேய ஆரம்பித்துவிட்டது, நடந்தால் மட்டும் போதாது, வெயிட் தூக்குங்கள் என்று சொன்னார். புருஷன் ஜெயராமன் அன்று முழுக்கச் சிரித்தான். கோயம்பேட்டில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுச் சொல்லட்டுமா என்றான். மகள் நிஷாதான் கூகுளில் தேடி, வானகரத்தில் அவர்கள் ஃபிளாட்டிலிருந்து நடக்கிற தூரத்திலேயே, பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஒரு லேடீஸ் ஜிம்மைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

கீழே பல் டாக்டர் கிளினிக். மேலே ஜிம். அதை நடத்துகிற அருள்மொழி கள்ளிக்குப்பத்துப் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. பளுதூக்குவதில் மாநில அளவில் மெடல் வாங்கியவள். மெடலோடு வேலை வரும் என்று சொன்னார்கள், மெடல் மட்டும் வந்தது. அவளிடம் ஐ.டி. பெண்கள் ஏழெட்டுப் பேர், ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் பிடித்து வருகிற ஒரு நர்ஸ், அப்புறம் வனஜா.

அந்த ஜிம்மில் ஒரு சட்டம் இருந்தது. தூக்கிய இரும்பு பாரை டமாலென்று போடக் கூடாது. போட்டுப் போட்டு, கீழே பல் டாக்டரின் ஃபால்ஸ் சீலிங் இரண்டு தடவை பெயர்ந்து விழுந்துவிட்டது. ஆகவே எவ்வளவு பாரமானாலும் பூனை மாதிரி சத்தமில்லாமல் இறக்கி வைக்க வேண்டும்.

"ஆம்பள ஜிம்முல தூக்கிகினு நின்னுட்டு தொப்புனு போட்டுட்டுப் பூடுவான்," என்று அருள்மொழி சொன்னாள். "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லக்கா. தூக்குனவதான் எறக்கணும்."

வனஜா தட்டு எதுவும் மாட்டாத வெறும் பாரில் ஆரம்பித்தாள். முதல் வாரம் கக்கூஸில் உட்கார்ந்து எழ முடியவில்லை. பத்து மாதத்தில் அறுபத்தைந்துக்கு வந்துவிட்டாள். காலை ஆறிலிருந்து ஏழு வரை அவளை யாரும் எதற்கும் கூப்பிடமாட்டார்கள். டிபன் எங்கே, சாக்ஸ் எங்கே, சாவி எங்கே என்று கேட்க அங்கே ஆளில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கென்று கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான். அடுத்து எண்பது கிலோ என்று மனசுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தாள்.

வீடியோவை நிஷா எடுத்தாள், வனஜா குரூப்பில் போட்டாள். கொழுந்தன் விக்ரம் உடனே, அண்ணி பயில்வான் ஆயிட்டாங்க என்று எழுதினான். அவன் மனைவி ஸ்வாதி மடக்கிய புஜத்தின் படம் மூன்று போட்டாள். வனஜா அன்றைக்கு நாலைந்து தடவை போனைத் திறந்து அந்த மூன்று புஜங்களையும் பார்த்துக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து விக்ரம் நேரிலேயே வந்துவிட்டான்.

மாமனார் வீராசாமி அவன் வீட்டில்தான் இருந்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் போய்விட்டது. பேச்சு குழறும். ஜேம்ஸ் என்று ஒருவர் தினமும் வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டிவிட்டுப் போவார். அந்த ஜேம்ஸ் சொந்த ஊரோடு போய்விட்டாராம். வேறு ஆள் நம்பி விட முடியவில்லையாம். ஸ்வாதிக்கு இடுப்பு வலியாம். இவ்வளவையும் சொல்லி, டீயைக் குடித்து முடித்துவிட்டு, விக்ரம் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா அறுபத்திரண்டு கிலோதான் அண்ணி. போன மாசம்தான் ஆஸ்பத்திரியில எடை பார்த்தோம். நீங்கதான் அறுபத்தஞ்சு தூக்குறீங்களே."

மூன்று கிலோ மிச்சம் வேறு வைத்திருக்கிறான் பாருங்கள், அவ்வளவு கரிசனம்.

ஜெயராமன் தலையாட்டினான். அவனுக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. தண்ணீர் கேன் தூக்கக் கூடாது, சிலிண்டரை நகர்த்தக் கூடாது, கட்டிலுக்கு அடியில் குனியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷட்டில் மட்டும் ஆடலாம். அந்த டிஸ்க்குக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

முடியாது என்று சொல்ல வனஜா வாயெடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே தப்பிக்கும் வழி அந்தச் சொல்தான். எனக்குத் தெம்பில்லை, என்னால் ஆகாது என்று சொல்லிச் சில வேலைகளிலிருந்தாவது ஒதுங்கியிருந்தாள். இப்போது அதையும் சொல்ல வழியில்லை. முடியும் என்பதற்கு வீடியோ இருக்கிறது, அதுவும் அவளே போட்டது.

அடுத்த வாரம் வீராசாமி வந்து சேர்ந்தார். நிஷாவின் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, பாத்ரூமிலிருந்து மறுபடி நாற்காலிக்கு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. பார் என்றால் நேராக வரும், பிடிக்க இடம் இருக்கும். மனுஷர் அப்படியில்லை. ஒரு பக்கம் சரிவார், வேட்டி நழுவும், செத்த கை அவள் கழுத்தில் வந்து விழும். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பெண் பார்க்க வந்த அன்று, இந்தக் குச்சியா நம்ம வீட்டு வேலையைச் செய்யப் போகிறது என்று கூடத்திலேயே உரக்கக் கேட்டவர் அவர். அதை அவள் மறக்கவில்லை. அவரும் மறந்திருக்கமாட்டார் என்று நினைத்தாள்.

காலை ஆறு மணி என்பது அவருக்குத் துணி மாற்றுகிற நேரம். ஜிம் அதோடு நின்றது. ஒரு நாள் ஜெயராமனிடம், ஆறிலிருந்து ஏழு மட்டும் நீங்கள் அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதான் வீட்டுலயே தூக்குறியே. அப்புறம் எதுக்கு ஜிம்மு?"

வனஜா மாமனாருக்குத் துணி மாற்றப் போனாள். மனசு எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்க்கும். சரி, இதையே பயிற்சியாக எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தாள். அருள்மொழி சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால் பலத்தில் தூக்கினாள். முதல் மாதம் உயிர் போயிற்று. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம் மாமனார் லேசாகிவிட்டார். நிஜமாகவே லேசாகிவிட்டார், ஒரே வீச்சில் வந்தார். வனஜாவுக்கு ஒரே பெருமை. அறுபத்திரண்டே இப்படி வருகிறதென்றால் எண்பது எங்கே போய்விடும்?

இடையில் இரண்டாம் மாடிக்காரர் ஃபிளாட் சங்கக் குரூப்பில் சண்டைக்கு வந்தார். மூன்றாம் மாடியில் யாரோ புறாவுக்குத் தீனி போடுகிறார்களாம், அவர் சன்ஷேடெல்லாம் எச்சமாம். ஜெயராமன் எங்கள் வீட்டில் யாரும் போடவில்லை என்று நீளமாகப் பதில் எழுதினான். வனஜாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மாமனாருக்கு வலது கை நன்றாக இருந்தது. தட்டை மடியில் வைத்துவிட்டால் அவரே சாப்பிட்டுக்கொள்வார். காலையில் நாலு இட்லி வைத்துவிட்டுப் போவாள், திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். அதுவரைக்கும் நிம்மதி.

அருள்மொழி போன் செய்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிம் பெண்களுக்குள் ஒரு போட்டி. யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று பார்ப்பதுதான், பரிசு ஒரு துண்டு. வனஜா விக்ரமைக் கூப்பிட்டு, இரண்டே மணி நேரம் வந்து உங்கள் அப்பாவோடு இருங்கள் என்றாள். கேட்கும்போது குரல் கெஞ்சியதில் அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது. விக்ரம் பெரிய மனசு பண்ணி வந்தான். ஜெயராமனுக்கு ஷட்டில் இருந்தது.

ஜிம்மில் எல்லோரும் அக்கா, அக்கா என்று சூழ்ந்துகொண்டார்கள். வனஜா நேராக எண்பது கேட்டாள். அருள்மொழி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மொதல்ல அறுபத்தஞ்சு எடுக்கா, உன்னுதுதான அது என்றாள்.

வனஜா குனிந்து பிடித்தாள். மூச்சை அடக்கி இழுத்தாள். பார் தரையைவிட்டு அசையவில்லை. கை வழுக்குகிறது என்று பவுடரைத் தடவிக்கொண்டு மறுபடி இழுத்தாள். முதுகின் கீழே சுரீரென்றது. பார் அப்படியே கிடந்தது. அறுபது போட்டார்கள். அதுவும் வரவில்லை. ஐம்பத்தைந்து போட்டபோது முட்டிவரை வந்தது; அங்கேயே நின்றுவிட்டது. சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள். நர்ஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மூன்று மாதமாகத் தினமும் எட்டுத் தடவை அறுபத்திரண்டு கிலோ மாமனாரைத் தூக்குகிறேன், இப்போதெல்லாம் லேசாக வருகிறது என்று வனஜா திரும்பத் திரும்பச் சொன்னாள். அருள்மொழி அவளைச் சுவரோரம் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் குந்தினாள்.

"யக்கா, தூக்கமும் இல்லாம, குந்திகினு துன்றதும் இல்லாம கீறே. உனுக்கு எப்டி பலம் ஏறும்? உனுக்கு ஏறல. அந்தப் பெரியவருக்கு எறங்கிகீது. ஊட்டாண்ட போயி அவர எடை போட்டுப் பாரு."

வீட்டுக்கு வந்தபோது விக்ரம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அப்பா தூங்குகிறார், எழுப்பவில்லை என்றான். வீராசாமி தூங்கவில்லை. ஈரத் துணியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்.

வனஜா அவரைத் துடைத்து, துணி மாற்றினாள். பிறகு நிஷாவிடம் எடை மிஷினை எடுத்து வரச் சொன்னாள். முதலில் தான் மட்டும் ஏறினாள். அறுபத்து நாலு. அவரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, அவர் கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். நிஷா குனிந்து படித்தாள். நூற்றுப் பதினாறு.

ஐம்பத்திரண்டு. மூன்று மாதத்தில் பத்து கிலோ.

அவரைக் கட்டிலில் இறக்கிவிட்டு, ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே சன்ஷேடில் புறாக்கள் மொய்த்தன. நடுவில் காலையில் அவள் வைத்த இட்லி, கொத்தித் தின்றது போக ஒன்றரை கிடந்தது.

"ஏன் மாமா?"

அவர் வலது கையைத் தூக்கி அவள் இடுப்பைக் காட்டினார். தினமும் தூக்கி இறக்கியபின் அவள் அங்கே கை வைத்துக்கொண்டு நிற்பதைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்திருக்கிறார்.

"பா... பாரம். உனக்கு," என்றார்.

வனஜாவுக்கு இரக்கம் வரவில்லை. முதலில் வந்தது கோபம். இந்த மூன்று மாதத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது, நான் பலமாகிக்கொண்டிருக்கிறேன் என்ற ஒரு நினைப்பு. அதையும் இந்த மனுஷர் ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்டாரே என்று இருந்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. ஒரு கிழவர் பட்டினி கிடந்து இளைத்ததை, தன் பலம் என்று தினமும் மனசுக்குள் கொண்டாடியிருக்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்த வீட்டில் அவள் சுமையைக் குறைக்க ஒருவர் முன்வந்தார். அவரால் முடிந்தது இதுதான்.

குரூப்பில் எழுதினாள். மாமா ஐம்பத்திரண்டு கிலோ. எனக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று சாப்பாட்டை வெளியே போடுகிறார். எல்லோரும் உடனே வாருங்கள், பேச வேண்டும்.

நீல டிக் விழுந்தது. ஷட்டில் கோர்ட்டிலிருந்து ஜெயராமன், அப்போ புறா நம்ம வீட்டு வேலைதானா, சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். ஸ்வாதி கைகூப்பிய படம் ஒன்று போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து விக்ரமிடமிருந்து வந்தது.

"வயசானவங்க இளைக்கிறது நல்லதுதான் அண்ணி. உங்களுக்கும் ஈஸி."

வனஜா போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் புதிதாக ஒரு ஈடு வைத்து இறக்கினாள். நாலு இட்லியைத் தட்டில் போட்டு, எண்ணெயும் பொடியும் குழைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை தட்டை அவர் மடியில் வைக்கவில்லை. தானே பிட்டு ஊட்டினாள். இரண்டு இட்லி உள்ளே போயிற்று. மூன்றாவதற்கு அவர் தலையை ஆட்டினார், மறுபடியும் அவள் இடுப்பைக் காட்டினார்.

"சாப்பிடுங்க மாமா," என்றாள். "தூக்கப்போறது நான்தானே. வாயத் திறங்க."

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். வனஜா பிட்டுப் பிட்டுக் கொடுத்தாள். முதுகு வலித்தது. அறுபத்திரண்டுக்கு இன்னும் பத்து கிலோ இருந்தது.