தூதன் கொண்டுவந்த சேதிகள்

டோண்டோ என்னும் துறைமுகப் பேட்டையில், கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் நடந்த பழைய கிரேக்க நாடகத்தில், தூதன் வேடம் போட்ட அர்செனியோ, ராஜா செத்த சேதியைச் சொல்லவேண்டிய இடத்தில், மீன் சந்து லூமெனின் புருஷன் பிரேசில் துறைமுகத்தில் காய்ச்சல் தெளிந்து கஞ்சி குடித்ததைச் சொன்னான். மறுநாள் லூமெனின் கைபேசிக்கு அதே சேதி வந்தது. அர்செனியோ ஊருக்குள் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன். மேடையை விட்டு இறங்கியதும், தான் என்ன சொன்னோம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

நாடகக் குழுவை நடத்தியவள் பெர்லிட்டா. டிக்கெட் கிடையாது. உலகத்துப் பழைய நாடகங்களையெல்லாம் பேட்டைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் மழைக்கு ஒதுங்கியவர்கள். தூதன் சேதி சொல்லத் தொடங்கிய பிறகு இடம் போதவில்லை, ஏனென்றால் அங்கே பாதி வீட்டு ஆண்கள் கப்பல் வேலையில் இருந்தார்கள். ஞாயிறுதோறும் மாலையில் தூதன் அவர்களில் ஒருவனைப் பற்றிச் சொன்னான். ஒருவனுக்குப் பதவி உயர்வு, ஒருவனுக்குக் கையில் தீக்காயம். மழைக்காலத்தில் ஒருநாள், செபெரினா கிழவியின் மகன் கடலில் விழுந்துவிட்டான் என்றான். அதுவும் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு தூதன் வரும் நேரம் நெருங்கினால், பெண்கள் குழந்தைகளின் வாயில் கடலையைத் திணித்து அழாமல் பார்த்துக்கொண்டார்கள். பேட்டைத் தலைவர் நாடகத்தை நிறுத்தச் சொன்னார். கப்பலில் இருக்கும் தன் தம்பியின் சேதி தெரியும்வரை நிறுத்தக்கூடாது என்று அவர் மனைவியே சொல்லிவிட்டாள்.

பெர்லிட்டாவின் கணவன் டெல்ஃபினும் கப்பல்காரன்தான். ஏடன் பக்கம் போன அவன் கப்பலிலிருந்து வாரக்கணக்கில் தகவல் இல்லை. மேடையில் ராணியாக நின்று, ராஜா எங்கே என்று தூதனைக் கேட்கவேண்டியவள் அவள். சில வாரங்கள் அந்த வரியைக் கேட்காமலே தாண்டிப்போனாள். தூதனும் வாயைத் திறக்காமலே திரும்பினான். கூட்டம் முணுமுணுத்தது.

"உனக்குப் பயம்னா, எங்களுக்கும் சேதி வேண்டாமாடி?" என்று லூமென் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பெர்லிட்டா கேட்டுவிட்டாள். அர்செனியோ மண்டியிட்டான். அன்றுதான் முதல்முறையாக, எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னான்: "ராஜா இறந்துவிட்டார், மகாராணி."

அழவேண்டிய ராணி அழவில்லை. பெர்லிட்டா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் குரலில் கேட்டாள்.

"எந்த ராஜாடா?"

அர்செனியோ மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தான். "நாடகத்து ராஜாதான்க்கா. உங்க வீட்டுக்காரர் பல்லு வலின்னு கன்னத்தப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். கப்பல்ல ரேடியோதான் கெட்டுப்போச்சு."

பெர்லிட்டா கிரீடத்தை மறுபடி வைத்துக்கொண்டு, செத்த ராஜாவுக்காக அழ ஆரம்பித்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவ்வளவு நன்றாக அழுததில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். டெல்ஃபின் கடைவாய்ப் பல் ஒன்று இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு வந்து சேர்ந்தான். குழு அதற்குப் பிறகும் நிறைய நாடகங்கள் போட்டது. தூதன் வராத நாடகம் என்றால் மட்டும், பேட்டைப் பெண்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்குத் துணி துவைக்கப் போய்விடுவார்கள்.